அடுக்குச் சுவிட்சுகளும் அவற்றின் நினைவகமும்

ஒரு கட்டடத்திலுள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைப்பது சுவிட்சு என்னும் கருவியாகும். ஒன்றிலுள்ள இணைப்புத் துளைகள் போதாதவிடத்துப் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பின்புறத்தே தனிக் கம்பியால் பிணைப்பர். இவ்வடுக்கு வெளியிலிருந்து நோக்குவார்க்கு ஒரே சுவிட்சாகவே தோன்றும். பெயரும் ஒன்றே, முகவரியும் ஒன்றே. சிஸ்கோ நிறுவனம் 2003இல் வெளியிட்ட கேட்டலிஸ்ட் 3750 வகையில் 9 சுவிட்சுகள் வரை இங்ஙனம் சேர்ந்தியங்கும்.

இவ்வொருமைத் தோற்றமே மேற்பார்வையாளரை மயக்குவது. அடுக்கில் ஒன்று முதன்மைச் சுவிட்சாகத் தேர்ந்து ஆணையிடும், ஏனையவை உறுப்புகள். எனினும் ஒவ்வோர் உறுப்புக்கும் தனிச் செயலியும் தனி நினைவகமும் உண்டு. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று கடனாகப் பெற இயலாது. 'ஷோ பிராசஸஸ் மெமரி' எனக் கட்டளையிடின், 3750 அடுக்கில் விடையளிப்பது முதன்மை மட்டுமே. குடும்பத் தலைவரின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு வீட்டார் அனைவரும் நலமே என்றுரைக்கும் மருத்துவரை ஒத்தது இது!

மென்பொருட் பிழையால், எடுத்த நினைவகத்தை ஒரு செயல்நிரல் திருப்பித் தாராதிருப்பதை நினைவகக் கசிவு என்பர். மூன்றாம் உறுப்பில் இது நேர்ந்தால் முதன்மை காட்டும் எண்களில் மாற்றமிராது. ஒருநாள் அவ்வுறுப்பு செயலிழக்கும். அதனைச் சார்ந்த ஆய்வகமோ அலுவலகமோ இணைப்பிழந்து நிற்கும்.

ஆகவே உறுப்புதோறும் வினவுதல் வேண்டும். 3750இல் 'செஷன் 3' எனத் தட்டெழுதினால் மூன்றாம் உறுப்பினுள்ளேயே புகலாம். அன்றி 'ரிமோட் கமாண்ட் 3' என்பதை முன்னிட்டு, முதன்மையில் இருந்தவாறே வினவலாம். 2013இல் வந்த 3850, 2017இல் வந்த 9300 ஆகியவற்றில் 'ஷோ பிளாட்ஃபார்ம் சாஃப்ட்வேர் ஸ்டேட்டஸ் கன்ட்ரோல்-பிராசஸர் பிரீஃப்' என்னும் நெடுங்கட்டளை ஒன்றே போதும். மொத்தம், பயன்பட்டது, எஞ்சியது என அனைத்து உறுப்புகளின் அளவும் வரிசையாக வந்துவிடும்.

ஒருமுறை கண்ட எண்ணைக் கொண்டு முடிவு கூறலாகாது. முதன்மைக்குப் பணி மிகுதியாதலின் அதன் பயன்பாடு சற்று உயர்ந்திருத்தல் இயல்பே. நாள்தோறும் ஒரே வேளையில் குறித்துவரின், ஏறுவதன்றி இறங்காத உறுப்பு எதுவெனப் புலப்படும். அதனை மட்டும் 'ரீலோட் ஸ்லாட் 3' என மறுதொடக்கம் செய்யலாம். ஏனைய சுவிட்சுகளைச் சார்ந்தோர் பணி தடைப்படாது. பிழை நீங்கிய மென்பொருளை விடுமுறை நாளொன்றில் ஏற்றிக்கொள்ளலாம்.