கரு பதியும் நேரமும் இ.ஆர்.ஏ. பரிசோதனையும்

“நல்ல தரமான கரு என்றுதானே சொன்னீர்கள், டாக்டர்? பிறகு ஏன் பதியவில்லை?” ஐ.வி.எஃப். சிகிச்சை பலனளிக்காதபோது தம்பதியர் கேட்கும் கேள்வி இது. அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: “இ.ஆர்.ஏ. பரிசோதனை செய்திருந்தால் பதிந்திருக்குமோ?”

கருப்பையின் உட்சவ்வு மாதம் முழுவதும் கருவை ஏற்கும் நிலையில் இருப்பதில்லை. கருமுட்டை வெளியாகி ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, சில நாட்கள் மட்டுமே அது பக்குவமாக இருக்கும். அந்தப் பக்குவத்தைத் தருவது புரோஜெஸ்டிரோன் ஹார்மோன். உறைநிலையில் பாதுகாத்த ஐந்து நாள் கருவை வைக்கும்போது, புரோஜெஸ்டிரோன் தொடங்கி ஐந்து முழு நாட்கள் சென்ற பின்னரே வைக்கிறோம். சிலருக்கு இந்த நேரம் சற்று முந்தியோ பிந்தியோ அமையலாம் என்னும் கருத்தின் மீது எழுந்ததே இ.ஆர்.ஏ.

ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2011இல் இதை வெளியிட்டனர். கரு வைக்கும் மாதத்தைப் போலவே மருந்துகள் தரப்படும். ஆனால் குறித்த நாளில் கருவுக்குப் பதிலாக மெல்லிய குழாயைச் செலுத்தி, உட்சவ்வில் சிறு துணுக்கை எடுப்போம். மாதவிடாய் வலியைப் போன்ற வலி சிறிது நேரம் இருக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்களின் செயல்பாட்டை ஆய்வகம் கணித்து, உட்சவ்வு பக்குவமாக உள்ளதா இல்லையா என்று கூறும். அதற்கேற்ப அடுத்த முறை புரோஜெஸ்டிரோன் தரும் நேரம் மாற்றப்படும்.

கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் 767 பெண்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இ.ஆர்.ஏ. காட்டிய நேரத்தில் கரு வைக்கப்பட்டவர்களில் 58.5 விழுக்காட்டினரும், வழக்கமான நேரத்தில் வைக்கப்பட்டவர்களில் 61.9 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். பரிசோதனையால் கூடுதல் பயன் தென்படவில்லை. ஆகவே முதல் முறை கரு வைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. பலமுறை தோல்வி கண்டவர்களுக்கு இம்முடிவு அப்படியே பொருந்துமா என்ற வினா எஞ்சுகிறது. அவர்களிடமும் வேறு காரணங்களைத் தேடிய பிறகே இதைப் பற்றிப் பேசுவேன். கருப்பைக்குள் சதை வளர்ச்சி உள்ளதா, கருக்குழாயில் நீர் கோத்துள்ளதா, தைராய்டு சீராக உள்ளதா என்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். நுண்ணோக்கியில் அழகாகத் தெரியும் கருவிலும் குரோமோசோம் குறை இருக்கலாம். வயது கூடக் கூட அதுவே கரு பதியாமைக்கு முக்கியக் காரணமாகிறது.

இப்பரிசோதனைக்குப் பணம் மட்டுமன்றி ஒரு மாதமும் செலவாகும். உறைநிலையிலுள்ள கருவுக்கு வயதாவதில்லை என்பதால் அந்தத் தாமதத்தால் கருவுக்குத் தீங்கில்லை. காத்திருப்பவரின் மனம்தான் களைக்கிறது.

குடும்பத்தாரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கையில் ‘ஏற்கும் நிலையில் இல்லை’ என்று இருந்தால், அது துணுக்கு எடுத்த அந்த நேரத்தைப் பற்றிய குறிப்பு மட்டுமே. “இவள் கருப்பை ஏற்காதாம்” என்று அதை வீட்டில் மாற்றிச் சொல்லக் கேட்டு, என் அறையில் அழுத பெண்கள் உண்டு. அறிக்கை வாங்க வரும் நாளில் கணவரும் உடன் வந்து, எங்களிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.