ட்ரவுட் மீனுக்குப் பொய்ப்பூச்சி

நுவரெலியா மலை ஓடைகளில் வாழும் ட்ரவுட் நம் மண்ணின் மீன் அல்ல. தூண்டில் போட ஆசைப்பட்ட தோட்டத் துரைமார் காலத்தில், 1880களில், வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் பிழைக்காது.

இதற்குத் தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியே அழகு. தண்ணீர் தெளிந்திருந்தால் சிறியது, மங்கிய நிறம். மழைக்குப் பின் கலங்கினால் சற்றுப் பெரியது, பளிச்சென்றது.

எந்தப் பூச்சி என்பதைவிட எப்படி வீசுகிறோம் என்பதே முக்கியம். ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்பக்கம் பார்த்தே நிற்கும். ஆகவே அதற்குக் கீழே நின்று மேல்நோக்கி வீசுங்கள். பூச்சி ஓட்டத்தோடு தானாக மிதந்து வரட்டும். நூல் இழுத்து அது நீரில் கோடு கிழித்தால், மீன் விலகிவிடும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை: நுவரெலியாவுக்கு அருகிலுள்ள ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அனுமதியின்றி அங்கே தூண்டிலோடு போகாதீர்கள்.