காப்ரி தீவுக்கு ஒரு நாள் டூர்: பணம் கட்டும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

இத்தாலி டூர் விளம்பரங்களில் ஒரு படம் தவறாமல் இருக்கும். கண்ணாடி போன்ற நீலக் கடல், அதில் செங்குத்தாக எழும் பாறைகள், நடுவே ஒரு சின்னப் படகு. கீழே 'காப்ரி: ஒரு நாள் கைடட் டூர்' என்று எழுதியிருக்கும். பார்த்ததும் 'புக் பண்ணிடலாமா?' என்று கை துறுதுறுக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். காப்ரி உண்மையிலேயே அழகான தீவுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு நாள் பயணத்தில் உங்களுக்குக் கிடைப்பது என்ன, கிடைக்காமல் போவது என்ன என்பதை விளம்பரம் சொல்லாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் இந்த ஒரே நாளுக்கு 40,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். அவ்வளவு பணம் கட்டுவதற்கு முன் விவரமாகப் பார்த்துவிடுவோம், வாங்க.

காப்ரி எங்கே இருக்கிறது?

இத்தாலியின் தெற்குப் பகுதியில், நேப்பிள்ஸ் வளைகுடாவின் வாயிலில் இருக்கிறது காப்ரி. மொத்தப் பரப்பே சுமார் 10 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் இரண்டு ஊராட்சிகள். கீழே காப்ரி, மேலே மலைப்பகுதியில் அனாகாப்ரி. இரண்டிலும் சேர்த்து சுமார் 13 ஆயிரம் பேர் வசிக்கிறார்கள். தீவின் உயரமான இடம் மான்டே சொலாரோ மலை, 589 மீட்டர்.

இந்தத் தீவின் புகழ் இன்று நேற்று வந்ததல்ல. ரோமப் பேரரசர் டைபீரியஸ் கி.பி. 27 முதல் 37-ல் இறக்கும் வரை இந்தத் தீவை இருப்பிடமாக வைத்துக்கொண்டுதான் பேரரசை ஆண்டார். அவருடைய அரண்மனையான வில்லா ஜோவிஸின் இடிபாடுகளை இன்றும் தீவின் கிழக்கு முனையில் பார்க்கலாம்.

எப்படிப் போவது?

தீவில் விமான நிலையம் கிடையாது, பாலமும் கிடையாது. கடல் வழி மட்டும்தான். நேப்பிள்ஸின் மோலோ பெவரெல்லோ துறையிலிருந்து அதிவேகப் படகில் சுமார் 50 நிமிடம். அருகிலுள்ள கலாட்டா போர்ட்டா டி மாஸா துறையிலிருந்து கிளம்பும் பெரிய ஃபெர்ரியில் போனால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், டிக்கெட் விலை குறைவு. சொரென்டோ நகரிலிருந்து என்றால் 20 முதல் 30 நிமிடம்.

ரோமில் தங்கியிருப்பவர்களுக்கும் ஒரு நாள் டூர் விற்கிறார்கள். ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி 10 நிமிடம். அதற்கு மேல் துறைமுகம், காத்திருப்பு, படகு. போக வர இதைக் கூட்டிப் பாருங்கள். விடியற்காலையில் கிளம்பி ராத்திரி ஹோட்டலுக்கு வந்து சேரும்போது, தீவில் இருந்த நேரத்தைவிட வண்டியிலும் படகிலும் இருந்த நேரம் அதிகமாக இருக்கும். முடிந்தால் முந்தைய இரவே நேப்பிள்ஸிலோ சொரென்டோவிலோ தங்கிவிடுங்கள்.

டூரில் என்னென்ன அடங்கும்?

பொதுவாக படகு டிக்கெட், தீவுக்குள் மினி பஸ், கூட வரும் வழிகாட்டி, சில டூர்களில் தீவைச் சுற்றிவரும் படகுச் சவாரி. இவ்வளவுதான் பெரும்பாலும் அடங்கும்.

எதெல்லாம் அடங்காது என்பதுதான் முக்கியம். நீலக் குகைக்கான கட்டணம், மதிய உணவு, மான்டே சொலாரோவுக்குப் போகும் சேர்லிஃப்ட், படகோட்டிக்குத் தரும் டிப்ஸ் ஆகியவை பல டூர்களில் தனிக் கணக்கு. புக் செய்யும் பக்கத்தில் 'அடங்காதவை' என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். விலை குறைவாகத் தெரியும் டூர் கடைசியில் விலை உயர்ந்ததாக முடிவது அங்கேதான்.

இன்னொரு விஷயம். இத்தாலியில் வரலாற்று இடங்களை விளக்கிச் சொல்லும் வழிகாட்டிக்கு அரசு உரிமம் வேண்டும். குழுவை அழைத்துப்போய்த் திரும்பக் கூட்டிவரும் 'எஸ்கார்ட்' வேறு ஆள். டூர் பெயரில் 'கைடட்' என்று இருந்தாலும், உங்களோடு வருவது இவர்களில் யார் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நேரக் கணக்கு எப்படி?

நேப்பிள்ஸிலிருந்து கிளம்பும் ஒரு டூரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலை 8 மணிக்குத் துறைமுகத்தில் கூடுகிறீர்கள், மாலை 5 மணிக்குத் திரும்புகிறீர்கள். மொத்தம் 9 மணி நேரம். இதில் போக வரப் படகும் காத்திருப்பும் மூன்றரை மணி நேரத்தைச் சாப்பிட்டுவிடும். தீவைச் சுற்றும் படகுக்கு 2 மணி நேரம். சாப்பாட்டுக்கு 1 மணி நேரம். மீதி இரண்டரை மணி நேரம். காப்ரி, அனாகாப்ரி, தோட்டங்கள், கடைவீதி எல்லாமே அதற்குள்தான் முடிய வேண்டும்.

அதனால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து நிதானமாகப் பார்த்தால் போதும்.

நீலக் குகையில் அப்படி என்ன விசேஷம்?

காப்ரி என்றாலே எல்லோரும் கேட்பது 'குரோட்டா அசூர்ரா', அதாவது நீலக் குகை. ரோமர் காலத்திலேயே இது தெரிந்த இடம். 1964-ல் குகையின் அடியிலிருந்து ரோமானியச் சிலைகள் எடுக்கப்பட்டன. உலகம் முழுக்கப் பேர் வாங்கியது 1826-ல், ஜெர்மானியர்களான ஆகஸ்ட் கோபிஷும் எர்ன்ஸ்ட் ஃப்ரீஸும் உள்ளே நீந்திப் போய்ப் பார்த்த பிறகுதான்.

அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் நுழையும் வாசலுக்குக் கீழே, நீருக்குள் இன்னும் பெரிய திறப்பு ஒன்று இருக்கிறது. சூரிய ஒளியின் பெரும்பகுதி அதன் வழியாகத் தண்ணீருக்குள் ஊடுருவித்தான் குகைக்குள் வருகிறது. ஒளியிலுள்ள சிவப்பை நீர் உறிஞ்சிவிடும். மிஞ்சுவது நீலம். அதனால் இருட்டான குகைக்குள் தண்ணீர் மட்டும் அடியிலிருந்து விளக்கு போட்டது போல ஜொலிக்கிறது.

நீருக்கு மேலே தெரியும் வாசலின் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். பெரிய படகு உள்ளே போகாது. சின்னத் துடுப்புப் படகுக்கு மாறி, அதில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டி பாறையில் பொருத்திய சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டே உள்ளே நுழைவார். உள்ளே இருப்பது சுமார் 5 நிமிடம். வெளியே வரிசையில் காத்திருப்பது கோடையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கடலில் சற்றே அலை எழுந்தாலும் அந்த ஒரு மீட்டர் வாசல் அடைபட்டுவிடும். உடனே குகையை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்கள் மூடியேதான் இருக்கும். கோடையிலும் காற்று வீசும் நாளில் திறக்காது. அன்று திறக்குமா என்பதை அன்று காலைக் கடலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எனவே 'குகை மூடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, இல்லை வேறு இடம் காட்டுவார்களா?' என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள், முழங்கால் வலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. ஆடும் படகிலிருந்து இன்னொரு படகுக்கு மாறி, அதில் படுத்து எழுவது சாதாரண விஷயம் இல்லை.

குகை இல்லாவிட்டால் என்ன பார்ப்பது?

நிறையவே இருக்கிறது. மரீனா கிராண்டே துறைமுகத்தில் இறங்கியதும் மேலே காப்ரி ஊருக்குப் போக ஃபுனிகுலர் ரயில் இருக்கிறது. நாம் 'விஞ்ச்' என்று சொல்கிறோமே, அதே வகைதான். 1907 முதல் ஓடுகிறது. சில நிமிடங்களில் பியாட்செட்டா என்ற சிறிய சதுக்கத்தின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் அகஸ்டஸ் தோட்டம். விளம்பரத்தில் பார்த்த ஃபராலியோனி பாறைகளை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். மூன்று பாறைகளில் நடுவில் இருப்பதில் இயற்கையாகவே ஒரு வளைவு உண்டு. தீவைச் சுற்றும் படகுகள் அதற்குள் புகுந்து வருவது வழக்கம்.

அனாகாப்ரியிலிருந்து மான்டே சொலாரோ உச்சிக்கு சேர்லிஃப்ட் போகிறது. ஒருவருக்கு ஒரு நாற்காலி. 13 நிமிடம் தோட்டங்களுக்கு மேலே மிதந்துகொண்டே போகலாம். மேலிருந்து நேப்பிள்ஸ் வளைகுடா முழுவதும், வானம் தெளிவாக இருந்தால் வெசுவியஸ் எரிமலையும் தெரியும். கூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் அமைதி வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் சரியான இடம்.

சாப்பாடு பற்றிய கவலை சைவர்களுக்கு அதிகம் வேண்டாம். தக்காளி, மொசரெல்லா சீஸ், துளசி வகை இலையான பேசில் சேர்ந்த 'கப்ரேசே' சாலட்டுக்குப் பெயரே இந்தத் தீவிலிருந்து வந்ததுதான். சீஸ் வைத்த ரவியோலியும் கிடைக்கும். பாதாமும் சாக்லேட்டும் சேர்த்துச் செய்யும் 'டோர்டா கப்ரேசே' கேக்கில் முட்டை உண்டு, கவனம்.

எவ்வளவு செலவாகும்?

டூர் இல்லாமல் நீங்களாகவே போனால் என்ன ஆகும் என்று ஒரு தோராயக் கணக்கு. நேப்பிள்ஸிலிருந்து போக வர அதிவேகப் படகு 45 முதல் 50 யூரோ. தீவுக்குள் பஸ், ஃபுனிகுலர் எல்லாம் சேர்த்து 10 யூரோ. சேர்லிஃப்ட் போக வர 14 யூரோ அளவில். ஆக, ஒருவருக்கு 70 முதல் 75 யூரோ. நீலக் குகையும் வேண்டும் என்றால் அதற்கு 18 யூரோ, துறைமுகத்திலிருந்து குகைக்குப் போகும் படகுக்குத் தனியாக 20 யூரோ அளவில். மொத்தம் சுமார் 110 யூரோ. ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் 11,000 ரூபாய். சாப்பாடு தனி.

இந்தத் தொகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டூர் விலையைப் பாருங்கள். அதற்கு மேல் கேட்பது வழிகாட்டிக்கும் ஒழுங்கமைப்புக்கும் தரும் பணம். வரலாறு கேட்க ஆசை, மொழிப் பிரச்னை, கூடவே பெரியவர்கள் என்றால் அது நியாயமான செலவுதான். இரண்டு இளைஞர்கள் பேக்பேக்கோடு போவதாக இருந்தால் தேவையே இல்லை.

விசா?

இத்தாலி ஷெங்கன் பகுதியில் இருப்பதால் இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கப்பல் சுற்றுலாவில் போய் நடுவே துருக்கி போன்ற ஷெங்கன் அல்லாத நாட்டைத் தொட்டுவிட்டு மீண்டும் இத்தாலிக்கு வருவதாக இருந்தால், பலமுறை நுழையும் விசாதான் கேட்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் சிக்கல்.

தீவுக்காரர்கள் ஏன் அலுத்துக்கொள்கிறார்கள்?

உச்ச சீசனில் ஒரே நாளில் 16,000 பேர் வரை இங்கே வந்து இறங்குகிறார்கள் என்கின்றன செய்திகள். அதாவது ஊர் மக்களைவிட விருந்தாளிகள் அதிகம். இதன் விளைவு 2024 ஜூன் 22 அன்று எல்லோருக்கும் தெரிந்தது. காப்ரிக்குக் குடிநீர் வருவது எதிர்க்கரையிலிருந்து கடலடிக் குழாய் வழியாக. நிலப்பகுதியில் அந்த விநியோகத்தில் கோளாறு ஏற்பட்டதும், சுற்றுலாப் பயணிகள் யாரும் தீவில் இறங்கக் கூடாது என்று மேயர் பாவ்லோ ஃபால்கோ உத்தரவு போட்டார். நேப்பிள்ஸிலிருந்தும் சொரென்டோவிலிருந்தும் கிளம்பிவிட்ட படகுகள் பாதி வழியில் திரும்பின. அன்றே விநியோகம் சீராகி தடை நீங்கியது. ஆனாலும் அந்த ஒரு நாளை மட்டுமே கையில் வைத்திருந்தவர்களுக்கு காப்ரி கைநழுவிப் போனது.

அதே ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கான இறங்கு கட்டணத்தை இரண்டரை யூரோவிலிருந்து 5 யூரோவாக உயர்த்தினார்கள். இது படகு டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கப்படும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தடை இருக்கிறது, மீறினால் 500 யூரோ வரை அபராதம். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

கிளம்பும் முன் ஐந்து விஷயங்கள்

1. ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து மே அல்லது செப்டம்பரில் போங்கள். கடலும் நன்றாக இருக்கும், கூட்டமும் சற்றுக் குறையும்.

2. காப்ரியை பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். காற்று பலமானால் முதலில் ரத்தாவது அதிவேகப் படகுதான். மறுநாள் விமானம் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

3. திரும்பும் படகின் நேரத்தை இறங்கிய உடனேயே குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் ஃபுனிகுலருக்கும் நீண்ட வரிசை இருக்கும். ஒரு மணி நேரம் முன்பே கீழே இறங்கத் தொடங்குங்கள்.

4. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எடுத்துப் போங்கள்.

5. பெரிய பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள். படகில் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், தீவில் படிக்கட்டுகளும் அதிகம்.

முடிந்தால் ஒரு இரவு தங்கிப் பாருங்கள். மாலை 5 மணிக்கு மேல் ஒரு நாள் பயணிகள் எல்லாம் படகேறிவிட்ட பிறகு, பியாட்செட்டாவில் ஊர்க்காரர்கள் வந்து உட்காருவார்கள். செலவு அதிகம்தான். தங்க முடியாதவர்கள் காலை முதல் படகையாவது பிடியுங்கள். கூட்டம் வந்து சேருவதற்கு முன் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் தீவை நிம்மதியாகப் பார்க்கலாம்.