உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கிக் கணக்கு!

இந்த வாரம் அமெரிக்கா! துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டாமா என்று அங்கே ஓயாத சண்டை. அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் வீசிக்கொள்ளும் புள்ளிவிவரங்களைக் கிளறினேன். அடேங்கப்பா!

முதலில் சூடாக ஒன்று. அமெரிக்கப் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள், 2017 மதிப்பீட்டின்படி, 39 கோடியே 30 லட்சம்! ராணுவமும் போலீசும் இதில் சேர்த்தியில்லை. 100 பேருக்கு 120 துப்பாக்கி!

அப்படியானால் ஆளுக்கொன்று இடுப்பில் செருகியிருப்பார்களா? அதுதான் இல்லை! பெரியவர்களில் வெறும் 3 சதவீதம் பேரிடம் நாட்டின் பாதித் துப்பாக்கிகள் இருப்பதாக 2015-ல் எடுத்த ஒரு சர்வே சொல்கிறது. தலைக்குச் சராசரி 17!

2021-ல் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் 48,830 பேர். அத்தனையும் கொலை என்றுதானே நினைத்தீர்கள்? 26,328 பேர் தற்கொலை! கட்டுப்பாடு கேட்பவர்கள் முதல் எண்ணை மட்டும் உரக்கச் சொல்வார்கள். எதிர்த்தரப்போ இரண்டாவதைக் கழித்துவிட்டுப் பேசு என்கிறது, செத்தவர்கள் மனிதர்களே இல்லை என்பதுபோல!

அதே 2021-ல் பொது இடத்தில் கண்மூடித்தனமாகச் சுட்ட சம்பவங்கள் எத்தனை? எஃப்.பி.ஐ. கணக்கு 61. நாலு பேருக்குக் குண்டு பட்டாலே கணக்கில் சேர்க்கும் ஒரு தனியார் அமைப்பின் எண்ணிக்கையோ 690-ஐ ஒட்டி! யார் கணக்கு உங்களுக்கு வசதியோ, அதை எடுத்துக்கொள்ளலாம்!

இனி வருவது நான் கண்டதிலேயே முத்து. 1995-ல் ஓர் ஆய்விதழில் ஒரு தகவல் அச்சானது. 1950 முதல் அமெரிக்காவில் சுட்டுக் கொல்லப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பாகிறதாம்! ஒரு மாணவர் அதைத் தன் ஆய்வுத் திட்டத்தில் அப்படியே எடுத்துப் போட்டார். படித்த சமூகவியல் பேராசிரியர் ஜோயல் பெஸ்ட் திடுக்கிட்டுப் போனார். மாணவர்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்து, நூலகத்துக்குப் போய் இதழையே எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அதே வாக்கியம்!

சதுரங்கக் கட்டத்தில் அரிசி வைத்துக்கொண்டே போன கதை ஞாபகம் இருக்கிறதா? போட்டுப் பாருங்கள். 1950-ல் ஒரே ஒரு குழந்தை என்று வைத்துக்கொண்டாலும் 1965-ல் 32,768. அந்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த மொத்தக் கொலைகளே சுமார் பத்தாயிரம்தான்! 1980-ல் 107 கோடி. அமெரிக்க ஜனத்தொகையைப் போல நாலு மடங்குக்கும் மேல்! 1983-ல் 859 கோடி. அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது! 1995-ல்? 35 லட்சம் கோடி குழந்தைகள்!

உண்மையில் நடந்தது என்ன? 1994-ல் ஒரு குழந்தைகள் நல அமைப்பு, ஆண்டொன்றுக்குத் துப்பாக்கியால் இறக்கும் குழந்தைகள் 1950-ல் இருந்ததைப்போல இரு மடங்கு என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான்! அந்த 'ஆண்டு' மட்டும் வாக்கியத்தில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது!

ஆண்டுக்கு 25 லட்சம் தடவை அமெரிக்கர்கள் துப்பாக்கியைக் காட்டித் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள்! துப்பாக்கிப் பிரியர்களின் செல்லக் கணக்கு இது. கேரி கிளெக், மார்க் கெர்ட்ஸ் என்ற இருவர் 1995-ல் வெளியிட்டது. போனில் கேட்டது எத்தனை பேரிடம் தெரியுமா? சுமார் 5,000! அதை நாடு முழுமைக்கும் பெருக்கினார்கள்.

ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வே விடுவாரா? 1994-ல் நடந்த வேறொரு கருத்துக்கணிப்பை எடுத்து அதே மாதிரி பெருக்கிக் காட்டினார். வேற்றுக்கிரகவாசிகளை நேரில் சந்தித்த அமெரிக்கர்கள் பத்து லட்சத்துக்கும் மேல்!

'வீட்டில் துப்பாக்கி வைத்தால் திருடன் ஒருவன் சாவதற்குள் வீட்டார் 43 பேர் சாவார்கள்.' இப்படி ஒரு பேச்சு கேட்டிருப்பீர்கள். 1986-ல் வந்த ஆய்வு அது. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் மாவட்டத்தில், வீடுகளில் நடந்த துப்பாக்கிச் சாவுகளை ஆறு ஆண்டுகளுக்கு எண்ணினார்கள். தற்காப்புக்காகக் கொன்றது 9. தற்கொலை மட்டும் 333! அந்த 43-ல் 37 தற்கொலைதான். சுடாமலே விரட்டியடிக்கப்பட்ட திருடன்? கணக்கிலேயே வரமாட்டான்!

துப்பாக்கி விற்பனையில் 40 சதவீதம், வாங்குபவரின் பின்னணியை விசாரிக்காமலே நடக்கிறது! அதிபர் ஒபாமாவே 2013-ல் சொன்ன எண். இதன் பூர்வீகம் 1994-ல் எடுத்த ஒரு சர்வே. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் 251 பேர்! 2017-ல் புதிதாக ஆய்ந்து பார்த்தார்கள். 22 சதவீதம்!

2015-16 கல்வியாண்டில் சுமார் 240 பள்ளிகளில் துப்பாக்கிச் சம்பவம் நடந்ததாக அமெரிக்கக் கல்வித்துறையே அறிவித்தது. என்.பி.ஆர். வானொலிக்காரர்கள் ஒவ்வொரு பள்ளியாகத் தொடர்புகொண்டு விசாரித்தார்கள். உறுதியானது வெறும் 11! கிளீவ்லாந்து நகரம் மட்டும் 37 என்று எழுதியிருந்தது. கத்தியோ துப்பாக்கியோ பிடிபட்ட கணக்கை, படிவத்தில் வரி மாற்றி நிரப்பிவிட்டார்கள்!

2018 பிப்ரவரியில் பார்க்லேண்ட் நகரின் ஒரு பள்ளியில் 17 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அன்றைக்கே 'இந்த ஆண்டில் இது 18-வது பள்ளித் துப்பாக்கிச்சூடு' என்று தகவல் பறந்தது. அந்தப் பதினெட்டில் ஒன்று, மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பள்ளியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் செய்துகொண்ட தற்கொலை! 17 உயிர் போதாதா, 18-வது என்ற எண் வேறு எதற்கு?

வரைபடமே பொய் சொல்லுமா? சொல்லும்! புளோரிடாவில் 2005-ல் ஒரு சட்டம் வந்தது. ஆபத்தென்று பட்டால் பின்வாங்காமல் சுடலாம். அதன் பிறகு துப்பாக்கிக் கொலைகள் கூடின. ஆனால் 2014-ல் வந்த ஒரு பிரபல வரைபடத்தில் கோடு சரசரவென்று இறங்கியது. வரைந்தவர் சுழியத்தை உச்சியில் வைத்துவிட்டார்! பார்த்தால் ரத்தம் வழிவதுபோல் இருந்தது.

துப்பாக்கி பெருகினால் குற்றம் குறையும் என்று 1998-ல் புத்தகம் எழுதியவர் ஜான் லாட். ஒரு சர்வேயின் தரவைக் காட்டு என்றார்கள். 1997-லேயே ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்றார். இணையத்தில் மேரி ரோஷ் என்ற பழைய மாணவி அவருக்காக வரிந்துகட்டிச் சண்டை போட்டார். இவரைப்போல ஒரு ஆசிரியர் உண்டா என்று புகழ்ந்து தள்ளினார். 2003-ல் குட்டு உடைந்தது. மேரி ரோஷ் வேறு யாருமில்லை, ஜான் லாட்டேதான்! தம் நாலு பிள்ளைகளின் பெயர்களில் இரண்டிரண்டு ஆங்கில எழுத்தாகக் கோத்துச் செய்த பெயர்!

எதிர்முகாம் சளைத்ததா? பழைய அமெரிக்காவில் துப்பாக்கியே அபூர்வம் என்று 2000-ல் எழுதினார் மைக்கேல் பெலசைல்ஸ். 2001-ல் வரலாற்று நூல்களுக்கான பேன்க்ராஃப்ட் பரிசும் கிடைத்தது. அவர் பார்த்ததாகச் சொன்னவற்றில் சான் பிரான்சிஸ்கோ நகரின் பழைய சொத்து ஆவணங்களும் உண்டு. அவை 1906 பூகம்பத் தீயிலேயே சாம்பலாகிவிட்டவை! 2002-ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பரிசின் வரலாற்றிலேயே முதல் முறை!

'சரியான ஆய்வு செய்ய வேண்டியதுதானே?' என்பீர்கள். 1996-ல் நாடாளுமன்றம் அரசின் நோய்த்தடுப்பு மையத்திடமிருந்து 26 லட்சம் டாலரைப் பிடுங்கியது. துப்பாக்கி ஆய்வுக்கு அந்த மையம் செலவிட்ட அதே தொகை! அந்த வெட்டைக் கொண்டுவந்தவர் ஜே டிக்கி என்ற உறுப்பினர். பின்னாளில் 'ஆய்வு வேண்டும்' என்று 2012-ல் பத்திரிகையில் எழுதியவரும் அதே டிக்கி! உடன் சேர்ந்து எழுதியவர்? அவர் மல்லுக்கட்டிய அந்த ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்த மார்க் ரோசன்பர்க்!

கடைசியாக ஒரு விருந்து. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கியை முதலில் வாங்கியது யார் என்று தேடும் அரசு மையம் மேற்கு வர்ஜீனியாவின் மார்டின்ஸ்பர்க்கில் இருக்கிறது. துப்பாக்கியின் எண்ணைத் தட்டினால் கம்ப்யூட்டர் சொல்லிவிடும் என்று நினைக்கிறீர்களா? 1986 சட்டப்படி அப்படி ஒரு மத்தியப் பதிவேடே கூடாது! மூடப்பட்ட கடைகளின் விற்பனைத் தாள்கள் பெட்டி பெட்டியாக வந்து குவியும். ஸ்கேன் செய்யலாம், பெயரைப் போட்டுத் தேடும்படி ஆக்கக் கூடாது. ஆட்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டியதுதான். பெட்டிகள் ஏறிக்கொண்டே போனதில், இதற்கு மேல் பாரம் ஏற்றினால் கட்டிடத்தின் தளமே உடைந்து விழும் என்று எச்சரிக்கை வந்தது. என்ன செய்தார்கள்? வண்டி நிறுத்துமிடத்தில் கப்பல் கன்டெய்னர்களைக் கொண்டுவந்து இறக்கி, மிச்சப் பெட்டிகளை அதற்குள் அடுக்கிவிட்டார்கள்!