வீட்டு வரி ரசீது: எதைத் தரும், எதைத் தராது?

காலனி வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தி வைக்கப்பட்டிருக்கும் காகிதங்களில் தவறாமல் இடம்பெறுவது வீட்டு வரி ரசீது. பத்திரம் இல்லாத குடும்பங்களும், பட்டா கிடைக்காத குடும்பங்களும் 'இது எங்கள் வீடு' என்று சொல்வதற்கு அதையே முதலில் எடுத்துக் காட்டுகின்றன. அந்த ரசீதால் எதை நிறுவ முடியும், எதை நிறுவ முடியாது என்பதை நம் மக்களிடையே தெளிவாகப் பேச வேண்டிய தேவை இருக்கிறது.

குடியிருக்கும் மனையின் மீதான உரிமை நமக்கு எளிதில் கிடைத்ததல்ல. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராகப் பணியாற்றிய திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கை, சேரி மக்களுக்குத் தாம் குடியிருந்த மனையின் மீதுகூட உறுதியான உரிமை இல்லாததை அரசின் முன் வைத்தது. எதிர்த்துப் பேசிய குடும்பத்தை மனையிலிருந்து வெளியேற்றுவது மிராசுதாரர்களின் கையில் இருந்த ஆயுதம். இந்த வரலாற்றின் தொடர்ச்சியாகவே இன்றும் பட்டாவைத் தேடி அலைகிறோம். கிடைக்காதபோது வரி ரசீதைப் பற்றிக்கொள்கிறோம்.

வரி எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 265-ஆவது பிரிவு. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி வீட்டு வரி விதிக்கப்படுகிறது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளில் 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் 2023-இல் நடைமுறைக்கு வந்த விதிகளும் பொருந்தும். நகரங்களில் இதன் பெயர் சொத்து வரி. கட்டடத்தின் பரப்பளவு, அது அமைந்துள்ள தெரு அல்லது பகுதியின் அடிப்படை மதிப்பு, குடியிருப்பா வணிகமா என்னும் பயன்பாடு ஆகியவை நகர்ப்புற வரியைத் தீர்மானிக்கின்றன. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு. நகர்ப்புறங்களில் அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் செலுத்துவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. அரையாண்டு கடந்தும் நிலுவை வைத்தால் தனி வட்டி சேரும்.

2022-இல் நகர்ப்புறச் சொத்து வரி உயர்த்தப்பட்டது. வரி வருவாயை உயர்த்தும் நகர உள்ளாட்சிகளுக்கே மானியம் என்று 15-ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனை அதற்கு ஒரு காரணம். 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், சென்னையின் பழைய பகுதிகளில் 50 விழுக்காடும் உயர்வு. அரையாண்டுக்கு 400 ரூபாய் செலுத்திய சிறு வீடு, 25 விழுக்காட்டு உயர்வின்படி 500 ரூபாய் செலுத்த வேண்டும். ஆகவே பரப்பளவு சரியாக அளக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். 580 சதுர அடி வீடு 620 என்று பதிவாகியிருந்தால், அது அடுத்த படிநிலைக்குத் தள்ளப்பட்டிருக்கும். வரி விதிப்பு அறிவிப்பில் குறிக்கப்பட்ட காலக்கெடுவுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்து, மறு அளவீடு கோரலாம்.

ரசீது தருவதும் தராததும்

வரி ரசீது உரிமை ஆவணம் அன்று. வரிப் பதிவோ வருவாய்ப் பதிவோ மட்டும் ஒருவருக்குச் சொத்துரிமையை வழங்கிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. நீர்நிலைப் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்ட இடத்தில் பல ஆண்டுகள் வரி செலுத்தியிருந்தாலும், அந்த ரசீதை மட்டும் காட்டி வெளியேற்றத்தைத் தடுக்க இயலாது.

எனினும் அது மதிப்பற்ற காகிதமும் அன்று. இன்னார், இந்த இடத்தில், இத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார் என்பதற்கு அது சான்று. பட்டா கோரும் விண்ணப்பத்திலும், மறுகுடியமர்வுக்கான கணக்கெடுப்பிலும், மின் இணைப்புக்கும் அச்சான்று பயன்படுகிறது. எனவே ரசீதைக் கைவிடக் கூடாது. ரசீதோடு நின்றுவிடவும் கூடாது. நத்தம் பட்டாவோ, ஆதிதிராவிடர் நலத்துறை வழங்கும் இலவச வீட்டுமனைப் பட்டாவோ பெறுவதே இலக்காக இருக்க வேண்டும்.

பல வீடுகளின் வரி விதிப்பு இன்னும் மறைந்த தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டுக்குரிய ஆவணங்கள் ஆகியவற்றுடன் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. அப்போது வீட்டைத் தாங்கி நிற்கும் பெண்ணின் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிலுவையின் அரசியல்

வரி நிலுவை வட்டியோடு முடிவதில்லை. ஊராட்சிகள் சட்டப்படி, முறையாகக் கேட்பு அறிவிப்பு வழங்கப்பட்டும் முந்தைய ஆண்டு வரையிலான பாக்கியைச் செலுத்தாதவர் தேர்தலில் போட்டியிடும் தகுதியை இழக்க நேரும். அரசமைப்புச் சட்டத்தின் 243-டி பிரிவு நமக்கு உறுதி செய்திருக்கும் தனித் தொகுதியில் நிற்க விழையும் ஒருவரின் வேட்புமனு, சில நூறு ரூபாய் பாக்கிக்காகத் தள்ளுபடி ஆகலாம். யார் வேட்பாளர் ஆகக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தீர்மானிக்க விரும்பும் ஊர்களில் இந்த வாய்ப்பை அவர்களுக்கு நாம் வழங்கலாகாது. கேட்பு அறிவிப்பையும் ரசீதையும் தேதியுடன் பாதுகாப்பது அரசியல் தற்காப்பும் ஆகும். ரசீதின்றிப் பணம் கொடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

செலுத்திய பணம் எங்கே?

நாம் செலுத்தும் தொகையில் நூலக வரியும் அடங்கும். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியிலும் வீட்டு வரியிலும் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்காக வசூலிக்கப்படுகிறது. காலனிக் குடும்பங்களும் அதைச் செலுத்துகின்றன. அப்படியிருக்க, எங்கள் பிள்ளைகள் அச்சமின்றிச் சென்று அமர்ந்து படிக்கும் நூலகம் எங்கே என்று கேட்பது கொடை கோருவதாகாது. செலுத்திய வரிக்குக் கணக்குக் கேட்பதாகும். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கழிவுநீர் வாய்க்கால், சுடுகாட்டுப் பாதை அனைத்துக்கும் இது பொருந்தும். ஊர்த்தெருவுக்குச் சிமெண்ட் சாலையும் காலனிக்குச் சேறும் என்றால், அது நிதிப் பற்றாக்குறை அன்று, நிதிப் பங்கீட்டில் உள்ள சாதி.

இதைக் கேட்பதற்கான இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. அதற்கு முன்பாகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், தெருவாரியான கேட்பு, வசூல், நிலுவை விவரத்தையும், தெருவாரியாகச் செய்யப்பட்ட பணிகளின் செலவையும் கேட்டுப் பெறலாம். இரண்டையும் ஒரே தாளில் அருகருகே எழுதினால், எந்தத் தெரு எவ்வளவு செலுத்தியது, எந்தத் தெரு எவ்வளவு பெற்றது என்பது எவருக்கும் விளங்கும்.

கல்லூரி மாணவர்கள் தத்தம் காலனியில் இப்பணியை ஒரு விடுமுறைக் காலத்திலேயே செய்து முடிக்கலாம். வீடுதோறும் வரி விதிப்பு எண், பெயர், பரப்பளவு, நிலுவை, பட்டாவின் நிலை ஆகியவற்றைக் குறித்து ஒரு பதிவேடு உருவாக்கினால், பட்டா கேட்கும் மனுவுக்கும் கிராம சபைத் தீர்மானத்துக்கும் அதுவே அடிப்படையாகும். நம் தெருவின் கணக்கு முதலில் நம் கையில் இருக்க வேண்டும்.