கடைமடைக் குடல்

நடுராத்திரியில் அவசரப் பிரிவுக்கு ஒரு பெரியவர் வருகிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். காலை நீட்டிப் படுக்கக்கூட முடியவில்லை. டியூட்டி டாக்டர் வயிற்றில் கை வைத்து அழுத்திப் பார்க்கிறார். பஞ்சு மாதிரி இருக்கிறது. குடலில் ஓட்டை விழுந்திருந்தால் வயிறு பலகையாக விறைத்திருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. எக்ஸ்ரேயில் கோளாறு தெரியவில்லை. ரத்தப் பரிசோதனையும் ஏறக்குறைய சரி. ‘கேஸ் ட்ரபிளாக இருக்கும், ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடலாம்’ என்ற நினைப்பு வருவது இந்த இடத்தில்தான். குடலுக்கு ரத்தம் நின்றுபோன பலரைக் கைவிட்டதும் இந்த நினைப்புதான்.

வயிறு ஏன் இப்படி ஏமாற்றுகிறது? குடலின் நரம்புகள் வேறு, வயிற்றுச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வின் நரம்புகள் வேறு. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் குடல் தன் நரம்புகள் வழியாகக் கதறுகிறது. அதுதான் அந்த வலி. ஆனால் வயிறு விறைப்பது சவ்வு புண்படும்போது. குடல் சுவர் முழுத் தடிமனுக்கும் செத்து, கிருமிகள் வெளியே கசிந்த பிறகுதான் சவ்வுக்குச் சேதி போகும். தொட்டுப் பார்ப்பதற்குப் பொருந்தாத அளவுக்கு வலி இருக்கிறதே என்பதையே நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும்படி மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். பரீட்சையில் எல்லோரும் சரியாக எழுதிவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நினைவுக்கு வருவதுதான் கஷ்டம்.

வீட்டில் ஆட்டுக்குடல் சுத்தம் செய்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். குடல் தனியாகத் தொங்குவதில்லை. கொழுப்பு படிந்த ஒரு மெல்லிய சவ்வு அதை விசிறி மடிப்புபோலப் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சவ்வுக்குள் கொடிகொடியாக ஓடுபவைதான் குடலின் ரத்தக்குழாய்கள். நமக்கும் அதே அமைப்புதான். பெருந்தமனியிலிருந்து வயிற்று உறுப்புகளுக்கு மூன்று கிளைகள் பிரிகின்றன. நடுவில் இருக்கும் மேல் குடல் தமனி ஒன்றே சிறுகுடலின் மிகப் பெரும்பகுதிக்கும் பெருங்குடலின் முற்பாதிக்கும் படியளக்கிறது.

சும்மா இருக்கும்போதே இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வயிற்று உறுப்புகளுக்குப் போகிறது. சாப்பிட்டதும் இன்னும் கூடும். (மூளைக்குப் போகும் ரத்தம் வயிற்றுக்குத் திரும்பிவிடுவதால்தான் உண்ட மயக்கம் என்று சொல்வார்கள். மூளை தன் பங்கை அப்படி விட்டுக்கொடுப்பதில்லை.) இவ்வளவு வாங்கிக்கொண்டாலும், பஞ்ச காலத்தில் முதலில் மதகு அடைக்கப்படுவது குடலுக்குத்தான். கடும் விபத்து, ரத்தப்போக்கு, கிருமித்தொற்றால் ரத்த அழுத்தம் சரிவது என்று எது வந்தாலும், உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றக் குடலின் குழாய்களைச் சுருக்கிவிடும். எந்தக் குழாயும் அடைபடாமலேயே குடல் கருகிப்போவது இப்படித்தான். மாரத்தான் ஓடியவர்களில் சிலருக்கு ஓட்டம் முடிந்தபின் மலத்தில் ரத்தம் போவதற்கும் இதுவே காரணம்.

குடலுக்குள்ளேயும் ஒரு கடைமடை இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள் என்னும் நுண்விரல்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. விரலின் நடுவே ஒரு தமனி மேலே ஏறுகிறது, அதை ஒட்டியே சிரை கீழே இறங்குகிறது. இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால், மேலே ஏறும் ஆக்சிஜனில் ஒரு பகுதி நுனிக்குப் போகாமலே பக்கத்துச் சிரைக்குள் தாவிவிடுகிறது. கரை கசியும் வாய்க்கால் மாதிரி. ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடும் நாளிலேயே நுனிக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது. வரத்து குறைந்தால் முதலில் காய்வதும் நுனிதான். சோற்றின் சத்தை உறிஞ்சும் வேலையைச் செய்பவையோ அந்த நுனியில் இருக்கும் செல்கள்!

திடீர் அடைப்புகளில் அதிகம் காண்பது, வேறிடத்தில் உருவாகி வந்து மாட்டிக்கொள்ளும் ரத்தக்கட்டி. பிறந்த இடம் பெரும்பாலும் இதயம். இதயத்தின் மேலறை சீராகத் துடிக்காமல் நடுங்கினால், உள்ளே ரத்தம் குட்டையாகத் தேங்கி உறையும். முதியவர்களுக்கு இது சாதாரணம். நம் நாட்டில் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப்போன இளம் வயதினருக்கும் வருகிறது. கட்டி ஒருநாள் பிய்த்துக்கொண்டு பெருந்தமனியில் இறங்கும். மேல் குடல் தமனி செங்குத்தாகப் பிரியாமல், ஆற்றிலிருந்து சரிந்து பிரியும் வாய்க்கால்போலக் கீழ்நோக்கிப் பிரிவதால், அடித்துவரும் கட்டி நேராக அதற்குள் நுழைந்துவிடுகிறது.

நுழைந்ததும் வாயிலேயே அடைப்பதில்லை. சில சென்டிமீட்டர் உள்ளே போய், முதல் சில கிளைகளைத் தாண்டி, குழாய் குறுகும் இடத்தில் சிக்கும். எனவே சிறுகுடலின் தொடக்கம் பிழைத்துக்கொள்ளும். வயிற்றைத் திறக்கும் அறுவை மருத்துவர் முதல் கொஞ்ச தூரம் இளஞ்சிவப்பு, அப்புறம் முழுக்கக் கருநீலம் என்று பார்த்தால், ‘இது இதயத்திலிருந்து வந்த கட்டி’ என்று ஊகிப்பார். தொடக்கத்திலிருந்தே எல்லாம் கறுத்திருந்தால், தமனியின் வாயிலேயே பல வருடமாகக் கொழுப்பு படிந்து கடைசியில் மூடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நிறத்தை வைத்து இப்படித் துப்புத் துலக்குவது எனக்கு எப்போதும் வியப்பு.

இந்த இரண்டாம் வகையினர் பல மாதம் முன்பே ஜாடை காட்டியிருப்பார்கள். சாப்பிட்டு அரை மணிக்குள் வயிறு இழுத்துப் பிடிக்கும். பிறகு தானே விடும். பசி இருக்கும், தட்டைப் பார்த்தால் பயம் வரும். ஆள் இளைத்துக்கொண்டே போவார். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் சிக்காது; வீட்டார் புற்றுநோயோ என்று கலங்குவார்கள். அப்போதே தமனியைப் படமெடுத்துப் பார்த்தால், ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்துவிடலாம்.

திடீர் அடைப்புக்கும் விடை அந்தப் படம்தான்: சி.டி. ஆஞ்சியோகிராம். கைச் சிரையில் சாய மருந்தைச் செலுத்திப் படமெடுத்தால், தமனி வெள்ளைக் கோடாக இறங்கி வந்து சட்டென்று அறுந்து நிற்கும். சில நிமிட வேலை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிறதே, சாய மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்று தயங்கிப் படத்தைத் தள்ளிப்போடுவதுண்டு. இந்தச் சந்தேகம் எழுந்துவிட்டால் தள்ளிப்போடக் கூடாது என்பதே இன்றைய வழிகாட்டுதல். ஆக்சிஜன் கிடைக்காத திசு வெளிவிடும் லாக்டேட் ரத்தத்தில் கூடும்வரை காத்திருப்பதும் வீண், அது தாமதமாகத்தான் ஏறும். முழு அடைப்பு என்றால் ஆறு மணி நேர அளவிலேயே குடல் மீளமுடியாத கட்டத்துக்குப் போய்விடலாம். இவ்வளவு வசதி வந்த பிறகும் திடீர் அடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறக்கிறார்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் சிரைவழித் திரவமும் ஆன்டிபயாடிக்கும் உடனே தொடங்கும். பிறகு கட்டியை எடுக்க வேண்டும். ஒருகாலத்தில் செத்த குடலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1951-ல் கனடாவின் வின்னிபெக் நகரைச் சேர்ந்த கிளாஸ், தமனியைத் திறந்து கட்டியை எடுத்துக் குடலைப் பிழைக்கவைக்கலாம் என்று எழுதினார். அதை எளிதாக்கியவர் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த தாமஸ் ஃபோகார்ட்டி. சிறுவயதிலேயே மருத்துவமனையில் கருவி கழுவப் போனவர். மெல்லிய குழாய் ஒன்றின் முனையில் ரப்பர் கையுறையின் விரல்நுனியை வெட்டிக் கட்டினார். எந்தப் பசையும் பிடிக்கவில்லை. மீன் பிடிக்கத் தூண்டிலில் போலிப் பூச்சி கட்டிப் பழகிய கை, அதே முடிச்சைப் போட்டது. காற்றில்லாத பலூனைக் கட்டிக்கு அப்பால் நுழைத்து, உப்பவைத்துப் பின்னால் இழுத்தால் கட்டி கூடவே வந்துவிடும். 1963-ல் அவர் வெளியிட்ட அந்தக் கருவி இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இப்போது வயிற்றைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாகவே கட்டியை உறிஞ்சி எடுப்பதும் நடக்கிறது.

ரத்தம் திரும்பியதும் உடனே வெட்டத் தொடங்குவதில்லை. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் குடலைப் போர்த்திவிட்டுக் காத்திருக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் இருந்த பகுதி மெல்லச் சிவக்கலாம். நிச்சயமாகச் செத்ததை மட்டும் எடுத்துவிட்டு, சந்தேகமானதை விட்டுவைப்பார்கள். சிறுகுடல் இரண்டு மீட்டருக்கும் குறைந்துவிட்டால் சாப்பாட்டை மட்டும் நம்பி வாழ்வது சிக்கல். ஆகவே ஒவ்வொரு சாணும் கணக்கு. உயிர் பிழைத்த இடத்தில் குடலுறிஞ்சிகளின் அடியிலிருந்து புதுச் செல்கள் ஏறிவந்து சில நாளில் நுனியைத் திரும்ப மூடிவிடும்.

ஒருநாள், அதிகம் போனால் இரண்டு நாள் கழித்து, வயிற்றை மறுபடி திறக்கிறார்கள். ஆள் தேறிவருவதுபோலத் தெரிந்தாலும் திறப்பதுண்டு. விட்டுவைத்த பகுதியை மருத்துவர் விரலால் லேசாகச் சுண்டுகிறார். அது புழுபோல நெளிந்து சுருங்கினால், கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தையலுக்கு நூல் கேட்கிறார்.