சான்பாங் மலை

தென்கொரியாவுக்குத் தெற்கே கடல் நடுவே அமைந்த எரிமலைத் தீவு ஜெஜு. அதன் தென்மேற்குக் கரையில், கவிழ்த்து வைத்த மணிபோல நிற்பது சான்பாங் மலை. அதன் உயரம் 395 மீட்டர்.

தீவின் நடுவே 1,947 மீட்டர் உயர்ந்த ஹல்லா மலை உள்ளது. அதன் உச்சியில் பெரும் பள்ளம் ஒன்று உண்டு. சான்பாங் மலைக்கோ பள்ளம் இல்லை. இதற்குத் தீவினர் ஒரு கதை கூறுவர். வேடன் ஒருவன் எய்த அம்பு குறி தவறி விண்ணவர் கோமான்மேல் பட்டது. வெகுண்ட அவர் ஹல்லாவின் உச்சியைப் பறித்தெறிய, அது கடற்கரையில் வீழ்ந்து சான்பாங் ஆயிற்றாம்.

நிலநூல் வல்லார் கூறுவது வேறு. சான்பாங் ஏறத்தாழ 8 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. ஹல்லாவின் உச்சியோ நெடுங்காலம் பின்னரே உருவாயிற்று. மண்ணினின்று வெளிப்பட்ட பாறைக்குழம்பு கெட்டியாக இருந்தமையால், பரந்து ஓடாமல் வெளிவந்த இடத்திலேயே குவிந்து இறுகிற்று. மலை பிறந்த வகை இதுவே.

சான்பாங் என்னும் சொல் மலையறை எனப் பொருள்படும். கடலை நோக்கிய செங்குத்துப் பாறையில் குகைக்கோயில் ஒன்று உள்ளது. படியேறி வருவோர் அங்கே புத்தர் பெருமானை வணங்குவர்; கூரையினின்று சொட்டும் நீரைப் பருகி இளைப்பாறுவர். அந்நீர், கணவனைப் பிரிந்த தேவதையின் கண்ணீர் என்பது கதை. பாறை வெடிப்புகளின் வழியே கசியும் மழைநீர் என்பது ஆராய்ச்சி.

கதை மக்களின் நெஞ்சத்தைக் காட்டும். பாறை மலையின் வரலாற்றைக் காட்டும். இரண்டையும் அறிந்து காண்பதே நற்பயணம் ஆகும்.